பச்சையாக மின்னும் நெடுங்கால் ஈக்கள்: எந்தக் கூட்டம் என்று எதை வைத்துப் பிரிப்பது?

கழனிக்கரை எழுதியது:

வணக்கம். இடம் தஞ்சை மாவட்டம், காவிரிப் பாசனப் பகுதி. வீட்டுத் தோட்டம், அதை ஒட்டி ஒரு வாய்க்கால், அதற்கப்பால் நெல் வயல். இந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே ஐந்து விதமான நெடுங்கால் ஈக்கள் தென்படுகின்றன. எல்லாம் டோலிக்கோபோடிடே குடும்பம் என்றுதான் நினைக்கிறேன். விவரம் இது:

1. வெண்டை, செம்பருத்தி இலைகளின் மேல். 5–6 மி.மீ. பச்சையும் தங்கமும் கலந்த மினுக்கம். இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டைகள். கால் மிக நீளம்.

2. அதே இலைகளில், 3–4 மி.மீ. உருவம் முதலாவது போலவே. இறக்கை தெளிவாக இருக்கிறது, பட்டை இல்லை. கால்கள் மஞ்சள்.

3. மாமரத்தின் அடிமரத்தில். சுமார் 3 மி.மீ., சாம்பல் நிறம், மினுக்கம் குறைவு. எப்போதும் தலை மேலே, வால் கீழே என்றுதான் நிற்கிறது.

4. வாய்க்கால் ஓரச் சேற்றில். 4 மி.மீ., மங்கிய பழுப்புப் பச்சை. சேற்றின் மேல் விடுவிடுவென்று ஓடும், சில சமயம் தண்ணீர்ப் பரப்பின் மேலும் நிற்கும்.

5. வாய்க்கால் கரைக் கோரையில். 2 மி.மீ. கூட இருக்காது. பளிச்சென்ற பச்சை, கால் அவ்வளவு நீளமில்லை.

கைபேசிச் செயலியில் படத்தைப் போட்டால் ஒரு நாள் டோலிக்கோபஸ் என்கிறது, மறுநாள் அதே ஈயைக் காண்டிலோஸ்டைலஸ் என்கிறது. முதலில் எந்த உறுப்பைப் பார்க்க வேண்டும்? 10 மடங்கு கைலென்ஸ் போதுமா? பிடித்துப் பாதுகாக்க வேண்டுமென்றால் எப்படி?

---

ஈரநிலம் எழுதியது:

நல்ல கேள்வி. ஐந்தையும் இடத்தோடும் நிற்கும் விதத்தோடும் சேர்த்துச் சொன்னதால் பாதி வேலை முடிந்துவிட்டது. முதலில் ஒன்று: நிறத்தை ஒதுக்கி வையுங்கள். இந்தப் பச்சை சாயத்தால் வருவதில்லை. மேல்தோலில் அடுக்கடுக்காக உள்ள நுண்படலங்களில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருகிறது. வெளிச்சம் விழும் கோணம் மாறினால் அதே ஈ பச்சையிலிருந்து செம்புக்கும் நீலத்துக்கும் போகும். பாதுகாக்கும் சாராயத்தில் (எத்தனால்) போட்டால் இன்னும் மாறும். உயிரோடிருக்கும்போது கண்ணில் தெரியும் பச்சை, சிவப்புச் சாயல்கள் இறந்த சில மணி நேரத்தில் போய்விடும். செயலி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பெயர் சொல்வதற்கும் இதுவே முக்கியக் காரணம்: அது நிறத்தையும் உருவத்தையும் பார்க்கிறது, நரம்பை எண்ணுவதில்லை. மேலும் இணையத்தில் குவிந்து கிடக்கும் படங்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுத்தவை. டோலிக்கோபஸ் 600-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரிய பேரினம்தான், ஆனால் அது வடக்கு மிதவெப்ப நாடுகளில் செழித்தது. நம் சமவெளித் தோட்டத்து இலையில் நிற்கும் நெடுங்கால் ஈ என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சையாபோடினே என்ற துணைக்குடும்பத்தை.

குடும்பம் சரிதானா என்று இறக்கையில் பாருங்கள். டோலிக்கோபோடிடே இறக்கையின் நடுப்பகுதியில் கண்ணுக்குத் தெரியும் குறுக்கு நரம்பு ஒன்றே ஒன்று, பின்பக்கமாக இருக்கும். மற்ற பல ஈக்களில் நடுவில் தனியாக மூடிக்கிடக்கும் அறை இங்கே அடியறையோடு கலந்து ஒரே நீண்ட அறையாகிவிட்டது. இரண்டையும் பிரிக்கும் குறுக்கு நரம்பு இல்லாததே காரணம். ஆர்-எம் என்ற முன் குறுக்கு நரம்பு இருக்கிறது, ஆனால் இறக்கை நீளத்தின் முதல் கால் பகுதிக்குள், அடியோடு ஒட்டி நிற்பதால் புகைப்படத்தில் தெரியாது. இந்த இரண்டும் பொருந்தினால் குடும்பம் கிட்டத்தட்ட உறுதி. மைக்ரோபோரினே என்ற சிறு கூட்டத்தை இக்குடும்பத்தில் சேர்ப்பவர்கள் உண்டு, அதில் நடு அறை தனியாகவே இருக்கும். அவை மினுக்கமில்லாத சின்னஞ்சிறு ஈக்கள் என்பதால் உங்கள் பட்டியலுக்குள் வராது.

அடுத்து எம் நரம்பு. எனக்குப் பிரிப்பதில் முதல் படி இதுதான். இறக்கையின் நடுவே இரண்டு நீண்ட நரம்புகள் நுனி நோக்கிப் போகும். மேலே இருப்பது ஆர்4+5, கீழே இருப்பது எம். பின் குறுக்கு நரம்பைத் தாண்டியபின் எம் என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.

கவையாகப் பிரிந்து, மேல் கிளை ஏறக்குறைய செங்கோணத்தில் முன்பக்கம் திரும்பி ஆர்4+5-ஐ நோக்கி ஏறி, பிறகு நுனிப்பக்கம் வளைந்தால் அது சையாபோடினே. கீழ்க்கிளை மெல்லியதாக இறக்கை ஓரத்தை நோக்கிப் போகும். சில படங்களில் மடிப்புக் கோடு போல மங்கலாகத்தான் தெரியும்.

பிரியாமல் மெல்ல வளைந்து ஆர்4+5-ஐ நெருங்கினால் டோலிக்கோபோடினே, மெடெட்டெரினே, நியூரிகோனினே ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். நேராக ஆர்4+5-க்கு இணையாகப் போய் முடிந்தால் பெரும்பாலும் டயாஃபோரினே, சிம்பிக்னினே பக்கம் போக வேண்டும். ஹைட்ரோஃபோரினேயில் இரண்டும் கலந்து வரும், அதனால் அதை நரம்பை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். எம் நரம்பு குறுக்கு நரம்பைத் தாண்டி ஓரிடத்தில் அறுந்து, மறுபடி சற்று விலகித் தொடங்கினால் இறக்கை கிழிந்துவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். அசின்டெட்டஸ் என்ற பேரினத்தின் அடையாளமே அந்த அறுந்த நரம்பு. கடற்கரை மணலில் தேடினால் கிடைக்கும்.

உங்கள் 1-க்கும் 2-க்கும் நரம்பைப் பார்த்தவுடன் தலையையும் பாருங்கள். முன்னாலிருந்து பார்க்கையில் இரு கண்களுக்கு நடுவே உச்சி கிண்ணம் போலக் குழிந்து, அந்தக் குழியின் நடுவில் மூன்று தனிக்கண்களைத் தாங்கிய சிறு மேடு துருத்தி நின்றால் சையாபோடினே என்பதில் சந்தேகமே வேண்டாம். கவை நரம்பு தெளிவாக இல்லாத படத்திலும் இந்தக் குழிவு கைகொடுக்கும். சையாபோடினேக்குள்ளேயே மெசோராகா என்ற பேரினத்தில் கீழ்க்கிளை கிடையாது, எம் வளைந்து ஏறும், அவ்வளவுதான். நரம்பை மட்டும் நம்பினால் அதை டோலிக்கோபோடினே என்று எழுதிவிடுவோம். உச்சிக் குழிவைப் பார்த்தால் அந்தத் தவறு வராது.

---

நுண்ணோக்கி_40 எழுதியது:

ஈரநிலம் சொன்னதோடு கால்களைச் சேர்க்கிறேன். 3, 5 இரண்டுக்கும் காலில்தான் விடை இருக்கிறது.

ஈயின் பாதத்தில் ஐந்து கணுக்கள். பின்காலில் முதல் கணுவையும் இரண்டாவதையும் ஒப்பிடுங்கள். பெரும்பாலான நெடுங்கால் ஈக்களில் முதல் கணு இரண்டாவதை விட நீளமாக இருக்கும், குறைந்தது சமமாகவாவது இருக்கும். முதல் கணு தெளிவாகக் குட்டையாக இருந்தால் மெடெட்டெரினே. சாம்பல் பூச்சு, மரத்தண்டில் தலை மேலாக நிற்பது, முன்கால்களை ஊன்றி உடலின் முன்பகுதியைத் தூக்கி வைப்பது, மார்பின் மேற்புறம் ஸ்குட்டெல்லத்துக்கு (மார்பின் பின்கோடியில் உள்ள சிறு தட்டு) சற்று முன்னால் தட்டையாகச் சரிந்திருப்பது, இவை நான்கும் சேர்ந்தால் மெடெட்டெரா பேரினம் என்றே எழுதலாம். உங்கள் 3 அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் பின்பாதக் கணுவைப் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். ஏனென்றால் நியூரிகோனாவும் மரத்தண்டில்தான் நிற்கும், அதன் மார்பும் பின்பக்கம் தட்டை. வேறுபாடு, நியூரிகோனா பெரும்பாலும் மஞ்சள் சாயலோடு கால் நீண்டு ஒல்லியாக இருக்கும், மெடெட்டெரா சாம்பலும் கறுப்பும் கலந்து குட்டையாக, வாய்ப்பகுதி தடித்துத் தெரியும்.

மெடெட்டெராவை மரத்தில் பார்த்தால் விரட்டாதீர்கள். அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் வாழ்ந்து, பட்டை துளைக்கும் வண்டுகளின் புழுக்களைத் தின்பவை. வட அமெரிக்க, ஐரோப்பிய ஊசியிலைக் காடுகளில் பட்டை வண்டுகளை ஆராய்பவர்கள் இந்தப் பேரினத்தைத் தனியாகக் கணக்கெடுப்பது இதனால்தான்.

5-க்கு இரண்டு வாய்ப்புகள். ஒன்று கிரைசோட்டஸ், டயாஃபோரினே. இன்னொன்று த்ரிப்டிகஸ், அதுவும் மெடெட்டெரினேதான். இரண்டும் சின்னது, இரண்டும் பளிச்சென்ற பச்சை, இரண்டிலும் எம் நரம்பு ஆர்4+5-க்கு ஏறக்குறைய இணையாகப் போகும். படத்தில் பிரிப்பது கடினம். மறுபடியும் பின்பாதம்தான்: முதல் கணு குட்டை என்றால் த்ரிப்டிகஸ். பெண் கிடைத்தால் இன்னும் நல்லது. த்ரிப்டிகஸ் பெண்ணின் வயிற்று நுனியில் முட்டையிடும் உறுப்பு விறைத்த அலகு போல நீட்டியிருக்கும், செடித் தண்டைக் குத்தி உள்ளே முட்டை வைக்க. இக்குடும்பத்தின் புழுக்கள் பொதுவாக ஈர மண்ணிலும் மக்கிலும் இரை தேடுபவை. த்ரிப்டிகஸ் மட்டும் விலகி, புல், கோரை, நீர்ச்செடி போன்ற ஒருவித்திலைத் தாவரங்களின் தண்டுக்குள் குடைந்து வாழ்கிறது. வெங்காயத்தாமரையைக் கட்டுப்படுத்த தென் அமெரிக்காவில் ஆராய்ந்த பூச்சிகளில் த்ரிப்டிகஸ் ட்ரங்கேட்டஸும் ஒன்று. கோரையில் பார்த்தேன் என்று நீங்கள் எழுதியதால்தான் இந்தப் பெயரைச் சொல்கிறேன். ஆனால் கிரைசோட்டஸும் புல்லில் மேயும், அதனால் இடம் மட்டும் சாட்சியாகாது.

கிரைசோட்டஸ் ஆண் என்றால் முகத்தைப் பாருங்கள். உணர்கொம்புக்குக் கீழே இரு கண்களும் நெருங்கி முகம் ஒரு கோடாகக் குறுகியிருக்கும், சில இனங்களில் தொட்டுக்கொண்டே இருக்கும். அதன் உறவான டயாஃபோரஸ் ஆணில் நெருக்கம் உணர்கொம்புக்கு மேலே, நெற்றியில். மேலா கீழா என்பதை மட்டும் கவனித்தால் இரண்டும் குழம்பாது.

4 பற்றி: முன்தொடையைப் பாருங்கள். ஹைட்ரோஃபோரஸில் முன்தொடை அடிப்பக்கம் தடித்து, கீழ்விளிம்பில் சிறு முட்கள் வரிசையாக இருக்கும். அதற்கு எதிரே கீழ்க்காலிலும் முட்கள் இருக்கும். இரையைப் பிடித்து இறுக்குவதற்கு. தினோஃபிலஸ் சேற்றிலும் உப்பங்கழியிலும் சதுப்புநிலக் காட்டிலும் ஓடித் திரிவது, முகத்தில் பட்டையான பெரிய வாய் உணரிகள் தெரியும். இரண்டும் ஹைட்ரோஃபோரினே, இரண்டிலும் ஆண், பெண் இருபாலுக்கும் முகம் அகலம். ஆனால் சேற்றில் ஓடுவதெல்லாம் இந்தத் துணைக்குடும்பம் ஆகாது. டாக்கிட்ரெக்கஸ் போன்ற டோலிக்கோபோடினேகளும் சேற்று விளிம்பில் வரும். அதைப் பிரிக்க உணர்கொம்பின் முதல் கணுவின் மேற்புறத்தில் மயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டோலிக்கோபோடினேயில் பெரும்பாலானவற்றுக்கு இருக்கும். கூடவே நடுத்தொடை, பின்தொடை இரண்டிலும் நுனிக்குச் சற்று முன்னால் ஒரு தடித்த முள்மயிர் தனியாக நீட்டியிருக்கும். இதற்கு 10 மடங்கு லென்ஸ் போதாது, 40 மடங்கு வேண்டும்.

டோலிக்கோபஸ் பெயரை எழுதுவதற்கு முன் ஒரே ஒரு சோதனை: பின்பாதத்தின் முதல் கணு மேல்புறத்தில் தடித்த முள்மயிர் ஒன்றாவது இருக்க வேண்டும். பெரும்பாலும் பல இருக்கும். அது இல்லையென்றால் ஹெர்கோஸ்டோமஸ் போன்ற உறவுப் பேரினங்களில் தேடுங்கள். செயலி சொல்லும் டோலிக்கோபஸ்களில் பலவும் இந்தச் சோதனையில் நிற்காது.

---

கழனிக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு கல்லூரி ஆய்வகத்து 40 மடங்கு நுண்ணோக்கியில் பார்த்த விவரம்:

1: எம் நரம்பு கவை, உச்சி குழிவு, இரண்டும் இருக்கிறது. உணர்கொம்பின் மூன்றாம் கணு முக்கோணமாக நீண்டு, அதன் முனையிலிருந்து நீண்ட இழை கிளம்புகிறது.
2: கவை இருக்கிறது, குழிவு இருக்கிறது. ஸ்குட்டெல்லத்தில் நடு ஜோடி முள்மயிர் மட்டுமே தெரிகிறது.
3: பின்பாத முதல் கணு, இரண்டாவதில் பாதிதான்.
4: தப்பிவிட்டது, படம் மட்டும் இருக்கிறது.
5: பின்பாத முதல் கணு இரண்டாவதை விட நீளம். வயிற்று நுனியில் ஒரு குமிழ் கீழே மடிந்திருக்கிறது.

இறக்கையில் இரண்டு பட்டை இருந்தால் காண்டிலோஸ்டைலஸ் என்று ஓரிடத்தில் படித்தேன். அது சரியா? இன்னொன்று, 1-ஐ சாராயத்தில் போட்டு மூன்று நாளில் எடுத்தபோது முள்மயிர்கள் பாதி இல்லை. எங்கே தவறு?

---

ஈரநிலம் எழுதியது:

பட்டையை வைத்து முடிவு செய்யக் கூடாது. காண்டிலோஸ்டைலஸில் பட்டை உண்டு, கிரைசோசோமாவிலும் உண்டு, பிளேஜியோசோபெல்மாவிலும் உண்டு; மூன்றும் சையாபோடினே பேரினங்கள். அமெரிக்கக் கண்டங்களில் காண்டிலோஸ்டைலஸ் மிக அதிகம் என்பதால் அங்கே எழுதிய குறிப்புகளில் "இரண்டு பட்டை என்றால் அதுதான்" என்பது ஓரளவு வேலை செய்யும். ஆசியாவில் செய்யாது.

உங்கள் 1-க்கு நீங்களே விடையை எழுதிவிட்டீர்கள். அரிஸ்டா என்ற அந்த இழை மூன்றாம் கணுவின் முனையிலிருந்து கிளம்புவது கிரைசோசோமாவின் பக்கம் காட்டுகிறது. காண்டிலோஸ்டைலஸில் அது மேல்விளிம்பிலிருந்து கிளம்பும். பிளேஜியோசோபெல்மாவை விலக்க, ஆணின் உணர்கொம்பு முதல் கணு குடுவை போல உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணமாக இருந்தால் கிரைசோசோமா என்று எழுதலாம். அரிஸ்டாவின் முனையில் சிறு கொடி போலத் தட்டையான விரிவு இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இக்கூட்டத்தின் ஆண்களில் அது இனத்துக்கு இனம் மாறுபடும் அடையாளம்.

2-இல் ஸ்குட்டெல்லத்தின் பக்கவாட்டு ஜோடி மெல்லிய மயிராகச் சுருங்கியோ இல்லாமலோ இருந்தால் ஆம்ப்ளிப்சிலோபஸ் என்ற இன்னொரு சையாபோடினே பேரினம். கிரைசோசோமாவிலும் காண்டிலோஸ்டைலஸிலும் இரண்டு ஜோடியும் தடித்து நிற்கும். ஆனால் உதிர்ந்ததா, இல்லவே இல்லையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முள்மயிர் உதிர்ந்தாலும் அது முளைத்த குழி அப்படியே வட்டமாக இருக்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்தால் குழி நிழலோடு தெரியும். குழி பெரிதாக இருந்தால் அங்கே தடித்த மயிர் இருந்தது என்று பொருள். 1-க்கும் இதே வழிதான், மயிர் போனதால் மாதிரியை எறிந்துவிட வேண்டாம்.

3 மெடெட்டெரா, இனி தயங்க வேண்டாம். 5-இல் கீழே மடிந்த குமிழ் ஆணின் இனப்பெருக்க உறுப்பு, ஹைப்போபிஜியம். முதல் கணு நீளம் என்பதால் த்ரிப்டிகஸ் விலகிவிட்டது. முகம் குறுகலா என்று ஒரு முறை பார்த்துவிட்டு கிரைசோட்டஸ் என்று எழுதுங்கள்.

---

நுண்ணோக்கி_40 எழுதியது:

முள்மயிர் உதிர்வதற்கு மூன்று காரணங்களைத்தான் அடிக்கடி பார்க்கலாம். குப்பியில் ஈக்களை நெருக்கமாகப் போடுவது, குப்பிக்குள் பாதிக்கு மேல் காற்று விட்டுப் பயணத்தில் குலுங்க விடுவது, இடுக்கியால் உடலைப் பிடிப்பது. குப்பியைச் சாராயத்தால் விளிம்பு வரை நிரப்பி, உள்ளே சின்னக் காகிதத் துண்டை வைத்தால் குலுக்கம் அடங்கிவிடும். பஞ்சு வேண்டாம், கால் நகங்கள் அதில் மாட்டிக்கொண்டு பாதம் பிய்ந்துவிடும். எடுக்கும்போது மெல்லிய தூரிகை அல்லது துளிக்குழாய். இடுக்கிதான் வேண்டும் என்றால் இறக்கையின் அடியைப் பிடியுங்கள். காலைப் பிடித்தால் கால் கையோடு வரும், அப்புறம் பின்பாதக் கணுவை எங்கே போய் ஒப்பிடுவது!

சாராயம் 70 முதல் 80 சதவீதம் எத்தனால், உருவம் பார்ப்பதற்கு இது போதும். மரபணு ஆய்வுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் 95 சதவீதம், குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். ஆனால் 95-இல் உடல் விறைத்து, தொட்டால் கால் ஒடியும். இரண்டு குப்பியாகப் பிரித்து வைப்பது நல்லது.

பிடிப்பதற்கு மஞ்சள் கிண்ணம்தான் எளிது. 15 செ.மீ. அகலமுள்ள மஞ்சள் அல்லது வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் முக்கால் பங்கு தண்ணீர், மணமில்லாத பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு மூன்று துளி. திரவம் எதற்கு என்றால், நீரின் பரப்பு இழுவிசையை உடைக்க. இல்லையென்றால் இந்த ஈக்களில் பாதி தண்ணீரின் மேலேயே நின்றுவிட்டுப் பறந்துவிடும், அவற்றின் வாழ்க்கையே அந்தப் பரப்பில்தானே. ஒரு பிடி உப்பும் போட்டால் அழுகல் தள்ளிப்போகும். வாய்க்கால் கரையில் மண்ணோடு மண்ணாக, விளிம்பு தரை மட்டத்தில் இருக்கும்படி புதையுங்கள். நம் வெயிலில் 24 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. தேநீர் வடிகட்டியில் மெல்லிய துணி விரித்து வடிகட்டி, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசி சாராயத்துக்கு மாற்றுங்கள். அலசாமல் விட்டால் சோப்புப் படலம் இறக்கையோடு ஒட்டி நரம்பு தெரியாது. இலை மேல் நிற்கும் 1, 2 போன்றவற்றைக் கிண்ணத்தை விட வலையால் வீசிப் பிடிப்பது பலன் தரும். அதிகாலையில் பனி காய்வதற்குள் போனால் அவை மந்தமாக இருக்கும்.

சரணாலயம், தேசியப் பூங்கா, காப்புக்காடு எதிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு ஈயைக் கூடப் பிடிக்கக் கூடாது. தோட்டத்தோடும் வயலோடும் நின்றால் போதும்.

குறிப்புச்சீட்டு குப்பிக்குள்ளேயே இருக்கட்டும், பென்சிலால் எழுதியதாக. பந்துமுனைப் பேனா மை சாராயத்தில் கரைந்து ஓடும். ஊர், மாவட்டம், அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, எதன் மேல் இருந்தது. "மாமரத் தண்டு, 1 மீட்டர் உயரம்" என்ற ஒரு வரி இல்லாத மெடெட்டெரா பாதி மாதிரிதான்.

இன்னொன்று: முகத்திலும் மார்பிலும் உள்ள வெள்ளி, சாம்பல் பூச்சு சாராயத்தில் நனைந்திருக்கும்போது தெரியவே தெரியாது. உலர்த்திப் பார்த்தால்தான் தெரியும். நேரடியாக உலர்த்தினால் கண்ணும் வயிறும் சுருங்கிப் போகும். 95 சதவீதம், பிறகு தூய எத்தனால், பிறகு எத்தில் அசிட்டேட்டில் சில மணி நேரம், அதன்பின் மை ஒற்றுத்தாளில் வைத்து உலர விட்டால் உருவம் பெரும்பாலும் நிற்கும். எத்தில் அசிட்டேட் தீப்பற்றும், காற்றோட்டமான இடத்தில், அடுப்பு பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். உலர்ந்ததை ஊசியால் நேராகக் குத்தினால் மார்பின் முள்மயிர் வரிசை போய்விடும். கெட்டி அட்டையில் சிறு முக்கோணம் வெட்டி, ஊசியை அட்டையில் குத்தி, முக்கோணத்தின் கூர்முனையில் துளி பசை வைத்து, ஈயின் மார்பின் வலப்பக்கத்தை ஒட்டுங்கள். இடப்பக்கம் முழுதாகத் திறந்திருக்கும். ஹைப்போபிஜியத்தின் படங்கள் வழக்கமாக இடப்பக்கத்திலிருந்துதான் வரைந்திருப்பார்கள், ஒப்பிட எளிது.

---

இலைநுனி எழுதியது:

குழப்பம் தரும் மற்றப் பூச்சிகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "பச்சை ஈ" என்று வரும் படங்களில் பல இக்குடும்பமே இல்லை.

பச்சைப் பிணஈ தடித்த உடல், வயிற்றில் முள்மயிர்கள், இறக்கையின் அடியில் மடல் போன்ற காலிப்டர் பெரிதாக இருக்கும். நெடுங்கால் ஈயில் அந்த மடல் சிறியது. சிப்பாய் ஈக்களில் சில மின்னும் பச்சைதான், ஆனால் உடலில் தடித்த முள்மயிர் இல்லை, இறக்கை நரம்புகள் முன்விளிம்போடு நெருங்கி, நடுவில் சின்ன அறை ஒன்று மூடியபடி தெரியும். சின்னப் பச்சைக் குளவிகளுக்கு நான்கு இறக்கைகள், உணர்கொம்பு முழங்கை போல மடங்கியது. ஈக்கு இரண்டு இறக்கையும் அதன்பின் குண்டூசி போன்ற சமநிலை உறுப்பும்தான். கால் நீளத்தால் குழப்பும் இன்னொரு கூட்டமும் உண்டு: மைக்ரோபெசிடே. அவையும் நீண்ட காலுடையவை, ஆனால் முன்கால் மற்றவற்றை விடக் குட்டை, அதை உணர்கொம்பு போல முன்னே ஆட்டிக்கொண்டு நடக்கும், உடல் எறும்பு அல்லது குளவி போல நீளும். குத்தும் அலகு கீழ்நோக்கி நீண்டு, மினுக்கம் இல்லாத கறுப்பு ஈ என்றால் எம்பிடிடே, ஹைபோடிடே பக்கம் பாருங்கள். அவை நம் குடும்பத்தின் நெருங்கிய உறவு.

படம் எடுப்பவர்களுக்கு: ஒரு ஈக்கு மூன்று கோணம் வேண்டும். மேலிருந்து (நரம்பு, ஸ்குட்டெல்லம்), பக்கத்திலிருந்து (பின்பாதம், வயிற்று நுனி), முன்னாலிருந்து (உச்சி, முகம், உணர்கொம்பு). சையாபோடினே இறக்கைகளைச் சற்று விரித்தபடி நிற்பதால் மேலிருந்து எடுத்தாலே கவை தெரியும். மின்னும் உடலில் ஃப்ளாஷ் நேரடியாகப் பட்டால் வெள்ளைத் திட்டு விழுந்து முள்மயிர் மறையும். ஃப்ளாஷுக்கு முன்னால் வெள்ளைத்தாள் இரண்டு மடிப்பு கட்டினால் போதும். லென்ஸ் துளை எஃப்/8 முதல் எஃப்/11. அதற்கு மேல் மூடினால் கூர்மை குறையும்.

ஆண், பெண் பார்க்காமல் இனப்பெயர் தேடாதீர்கள். இக்குடும்பத்தில் இன அடையாளங்கள் பெரும்பாலும் ஆணிடம்தான்: பாதத்தில் இறகு போன்ற மயிர், தட்டையான கணு, கொடி முனை அரிஸ்டா, ஹைப்போபிஜியத்தின் வடிவம். ஐரோப்பாவின் பீசிலோபோத்ரஸ் நோபிலிடேட்டஸில் ஆணின் இறக்கை நுனி வெள்ளை, அதையொட்டிக் கறுப்பு. பெண்ணிடம் அது இல்லை. இறக்கையை விரித்து நடனமாடிப் பெண்ணைக் கவர்வதற்கான கொடி அது. டோலிக்கோபஸ் ப்ளூமிபெஸில் ஆணின் நடுக்காலில் இறகுக் கற்றை. பெண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இவற்றின் இனத்தைச் சொல்வது பெரும்பாடு.

---

கழனிக்கரை எழுதியது:

1-இல் முதல் கணு உப்பவில்லை, ஆகவே கிரைசோசோமா, ஆண். 2-இல் பக்கவாட்டில் பெரிய குழி எதுவும் இல்லை. வயிற்று நுனி கூம்பாக ஒடுங்கியிருப்பதால் பெண் என்று நினைக்கிறேன். 5-இல் முகம் கோடாகக் குறுகியிருக்கிறது. 1-இன் இனம் பார்க்க ஹைப்போபிஜியத்தைத் தெளிய வைக்க (தசையைக் கரைத்து ஓடு மட்டும் நிற்கச் செய்ய) வேண்டும் என்கிறார்கள். எந்தக் கரைசல், எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியுமா? 4-இன் படத்தைப் பக்கவாட்டில் எடுத்ததைச் சேர்த்திருக்கிறேன்.

---

நுண்ணோக்கி_40 எழுதியது:

10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. வயிற்றின் பின்பாதியைக் கூர்மையான ஊசியால் பிரித்து, கரைசலில் போட்டு அறை வெப்பத்தில் ஓர் இரவு. அவசரம் என்றால் சிறு குழாயில் போட்டுச் சுடுநீர்க் கிண்ணத்தில் 5 முதல் 10 நிமிடம். கரைசலை நேரடியாக நெருப்பில் காய்ச்சாதீர்கள், தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள்: தசை கரைந்து, ஓடு தேன் நிறத்தில் நிற்க வேண்டும். அதைத் தாண்டி வெளுத்துப் போனால் மெல்லிய மயிரும் விளிம்பும் கண்ணுக்கே தெரியாது, அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. பிறகு தண்ணீர், அதில் இரண்டு துளி வினிகர், மறுபடி தண்ணீர், கடைசியில் கிளிசரின். குழியுள்ள கண்ணாடித் தகட்டில் கிளிசரினில் மிதக்கவிட்டு 100 மடங்கில் பார்க்கலாம், ஊசியால் உருட்டி எல்லாக் கோணமும் காணலாம். நிரந்தரப் பிசினில் பதித்துவிட்டால் உருட்ட முடியாது, அதனால் கிளிசரின் நிரப்பிய சின்னக் குழாயில் அதே மாதிரியோடு சேர்த்து வையுங்கள். முதலில் கிரைசோட்டஸில் பழகிவிட்டுக் கிரைசோசோமாவைத் தொடுங்கள். ஐந்தாவது வகை கரையில் நிறைய கிடைக்கும்.

4-இன் படத்தில் முன்தொடை தடிக்கவில்லை, பின்தொடையின் நுனிக்கு முன்னால் ஒரு முள்மயிர் நீட்டிக்கொண்டிருக்கிறது. எம் நரம்பும் வளைந்து ஏறுகிறது. ஹைட்ரோஃபோரினே என்ற என் ஊகத்தை எடுத்துவிடுங்கள், டோலிக்கோபோடினே என்று மட்டும் எழுதுங்கள். உணர்கொம்பு முதல் கணுவின் மயிரைப் பார்க்காமல் பேரினம் வேண்டாம். வாய்க்கால் கரையில் கிண்ணம் புதைத்து ஓர் ஆண் கிடைத்தால் மேலே பேசலாம்.

---

ஈரநிலம் எழுதியது:

2 பெண் என்றால் ஆம்ப்ளிப்சிலோபஸ், இனம் தெரியாது என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். அதே செடியில், அதே வாரத்தில் ஆண் கிடைத்தாலும் இரண்டையும் ஒரே குப்பியில் போட வேண்டாம். ஒரே வெண்டைப் பாத்தியில் இரண்டு மூன்று ஆம்ப்ளிப்சிலோபஸ் இனங்கள் கலந்து மேயலாம். தனிக் குப்பி, ஒரே தேதி, சீட்டில் "2-உடன் கண்டது" என்று மட்டும்.

வெண்டைக்கு மருந்து அடிப்பதாக இருந்தால் அந்த ஒரு பாத்தியையாவது விட்டு வையுங்கள். இலை மேல் நிற்கும் இந்த ஈக்கள் அசுவினி, இலைப்பேன், சிலந்திப்பேன் போன்ற மென்னுடல் சிற்றுயிர்களைத் தின்கின்றன. அவற்றின் புழுக்கள் ஈர மண்ணில் இருப்பதால், பாத்தி ஓரம் மூடாக்கு போட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த தலைமுறையும் அங்கேயே கிளம்பும். ஆண் மாதிரி தேட உங்களுக்கு வேறு இடம் போக வேண்டியிருக்காது.